விஎம்மில் டேட்டாபேஸ் ஏற மறுத்தால், அழித்துப் போடுவதற்கு முன்

விஎம்மில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் மெய்நிகர் கணினியில், டேட்டாபேஸ் இன்ஸ்டால் ஆகவில்லை என்று யாராவது என்னிடம் வந்தால், நான் முதலில் கேட்பது "எத்தனை தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டீர்கள்?" என்பதுதான். மூன்று, நான்கு என்று சொல்வார்கள். திட்டமாட்டேன், நானும் அதைச் செய்தவன்தான்.

பழைய விஎம் ஒன்றில் மோங்கோடிபி 5 என்ற டேட்டாபேஸைப் போட்டேன். பேக்கேஜ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இறங்கியது. சர்வீஸைத் தொடங்கினால் அடுத்த நொடியே செத்துவிழுந்தது. அதன் லாக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. கான்ஃபிக்கை மாற்றினேன், கோப்புறை அனுமதிகளை மாற்றினேன், அழித்துப் போட்டேன், மறுபடி அழித்துப் போட்டேன். மாலை முழுக்கப் போனது. கடைசியில் லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னலை, அதாவது அதன் பொதுப் பதிவை, திறந்து பார்த்தால் விஷயம் அங்கே இருந்தது: சிக்னல் 4, ஐஎல்எல். செயலிக்குத் தெரியாத கட்டளை ஒன்றை நிரல் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

மோங்கோடிபி 5.0 முதல், எக்ஸ்86 செயலி (இன்டெல், ஏஎம்டி வகை) என்றால் அதில் ஏவிஎக்ஸ் என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பு இருந்தாக வேண்டும். விஎம்மைத் தாங்கும் என் நிஜக் கணினியில், அதாவது ஹோஸ்டில், அது இருந்தது. ஆனால் விஎம்மை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அதற்குக் காட்டியதோ எல்லோருக்கும் பொதுவான ஒரு பழைய செயலி மாடல். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் வழி ஓடும் விஎம்களில் இது சகஜம். விஎம் அமைப்பில் செயலி வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றி, அணைத்துப் போட்டதும் மோங்கோ எழுந்துகொண்டது. நீங்கள் சோதிக்க வேண்டுமானால், கெஸ்டுக்குள், அதாவது விஎம்முக்குள், எல்எஸ்சிபியு கட்டளையை ஓட்டி, ஃபிளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் மேல் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரை ஓட்டுகிறவர்கள் விஎம் சன்னலின் கீழ்ப்பட்டையையும் பாருங்கள். அங்கே பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. வேகம் குறையும், ஏவிஎக்ஸ் போன்றவை உள்ளே தெரியாமலும் போகலாம்.

அன்றிலிருந்து டேட்டாபேஸை நான் கடைசியாகத்தான் சந்தேகிக்கிறேன். அதற்குக் கீழே மூன்று தளங்கள் இருக்கின்றன: ஹோஸ்ட், விஎம் அமைப்பு, கெஸ்டின் இயங்குதளம். அடியிலிருந்து பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.

கை வைக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், விஎம்மின் இப்போதைய நிலை அப்படியே சேமிக்கப்படும். எதை எதையோ மாற்றிக் குழப்பிய பிறகு எடுப்பதில் பயனில்லை, குழப்பத்தைத்தான் சேமித்து வைப்பீர்கள். அப்புறம் லாக். திரையின் அடியில் தெரியும் கடைசிப் பிழையைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், அது பெரும்பாலும் விளைவுதான். மேலே போய் முதல் பிழையைப் பிடியுங்கள்.

அடுத்தது ரேம். லினக்ஸில் எஸ்க்யூஎல் சர்வர் இந்த விஷயத்தில் நேர்மையானது. 2 ஜிபி இல்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் அப்படியில்லை. 512 எம்பி விஎம்மில் மைஎஸ்க்யூஎல் 8 போட்டால் இன்ஸ்டால் பாதியில் சத்தமில்லாமல் அறுந்துபோகும். அதன் லாகில் காரணமும் இருக்காது, ஏனென்றால் நினைவகம் தீர்ந்ததும் இயங்குதளத்தின் மையமான கெர்னலே அதைக் கொன்றிருக்கும். மரண வாக்குமூலம் எழுத நேரம் கிடைத்திருக்காது. கெர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள், கொலையுண்டவர் பெயரோடு கிடைக்கும். கிளவுட் விஎம்களில் பலவற்றில் ஸ்வாப்பே, அதாவது ரேம் போதாதபோது டிஸ்கில் ஒதுக்கும் இடமே, இருப்பதில்லை. 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பு உருவாக்கினால் இன்ஸ்டால் முடிந்துவிடும். தினசரி ஓட்டத்துக்கு அதை நம்பாதீர்கள், ரேமைக் கூட்டுங்கள்.

ஆரக்கிளுக்குக் கணக்கே வேறு. ரேம் 2 முதல் 16 ஜிபி வரை என்றால் அதே அளவு ஸ்வாப் கேட்கும், அதற்கு மேல் என்றால் 16 ஜிபி. இன்ஸ்டாலர் இதைச் சோதித்துப் பட்டியல் போடும்போது 'எல்லாவற்றையும் புறக்கணி' என்ற பெட்டியை டிக் செய்யக் கை துறுதுறுக்கும். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுச் செய்யுங்கள். ஓஆர்ஏ-00845 வந்தால் ரேமைக் குறை சொல்லாதீர்கள். பகிர்வு நினைவகத்துக்கான டெவ்-எஸ்ஹெச்எம் பகுதி, ஆரக்கிளின் நினைவக அளவை முடிவு செய்யும் மெமரி டார்கெட்டில் நீங்கள் கேட்ட அளவைவிடச் சிறியது. வழக்கமாக அது ரேமில் பாதிதான் இருக்கும். அதைப் பெரிதாக்கி ரீமவுண்ட் செய்யுங்கள், அல்லது டார்கெட்டைக் குறையுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல்: "20 ஜிபியை 60 ஆக்கினேன், உள்ளே இன்னும் 20தான் காட்டுகிறது." நீங்கள் பெரிதாக்கியது பெட்டியை மட்டும்தான். அதற்குள் பார்ட்டிஷன், டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம் இருந்தால் அது, அதற்கும் உள்ளே ஃபைல்சிஸ்டம் என்று ஒவ்வொன்றையும் இதே வரிசையில் விரிக்க வேண்டும். கடைசி அடிக்கு ஈஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ். உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் எல்விஎம்மில் பாதி இடத்தை ஒதுக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. இன்னொன்று, டேட்டா கோப்புறையை ஹோஸ்டோடு பகிரும் ஷேர்டு ஃபோல்டரில் வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் தன் கோப்புறைக்கு 0700 அல்லது 0750 அனுமதிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். அங்கே நீங்கள் அனுமதியை மாற்றினாலும் மாறாது.

சரி, சர்வீஸ் ஓடுகிறது, ஹோஸ்டிலிருந்து மட்டும் இணைக்க முடியவில்லை. இப்போது பிழையின் சொல்லைக் கவனியுங்கள். உடனே 'ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால், பெரும்பாலும் கதவு வரை போய்விட்டீர்கள், திறக்கத்தான் ஆளில்லை. காத்துக் காத்து 'டைம்டு அவுட்' என்றால் வழியிலேயே ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது அந்த முகவரிக்கு வழியே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையில் (கெஸ்ட் ஹோஸ்டின் இணைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முறை) கெஸ்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 10.0.2.15 ஹோஸ்டிலிருந்து எட்டாது. எத்தனை பிங் அடித்தாலும் எட்டாது. போர்ட் ஃபார்வர்டிங் போடுங்கள், அல்லது ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் ஒன்றைச் சேருங்கள்.

அதன் பின்னும் இணையாவிட்டால் கெஸ்டுக்குள் எஸ்எஸ் கட்டளையால் டேட்டாபேஸ் எங்கே காது வைத்திருக்கிறது என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, மைஎஸ்க்யூஎல் 3306, எஸ்க்யூஎல் சர்வர் 1433, ஆரக்கிள் 1521. போர்ட்டுக்கு முன் 127.0.0.1 இருந்தால் அது தன் வீட்டுக்குள் பேசுவதை மட்டும்தான் கேட்கும். போஸ்ட்கிரெஸில் எந்த முகவரிகளில் கேட்பது என்று சொல்லும் லிஸன் அட்ரஸஸை மாற்றினால் ரீஸ்டார்ட் தேவை, ரீலோட் போதாது. இதில் நான் இருமுறை ஏமாந்திருக்கிறேன். யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி-ஹெச்பிஏ கோப்பில் உங்களுக்கான வரி இல்லை என்று பிழை வந்தால் சந்தோஷப்படுங்கள், நெட்வொர்க் வேலை முடிந்தது. ஹோஸ்டின் முகவரிக்கு மட்டும் ஒரு வரி சேர்த்து ரீலோட் செய்தால் போதும். எல்லோருக்கும் 'டிரஸ்ட்' (கடவுச்சொல் கேட்காமல் விடுவது) என்று எழுதிவிடாதீர்கள்.

முன்பு பலமுறை அழித்துப் போட்டவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பேக்கேஜை நீக்கினாலும் டேட்டா கோப்புறை பின்தங்கிவிடலாம். டேட்டா கோப்புறையில் ஏற்கெனவே கோப்புகள் உள்ளன என்று மைஎஸ்க்யூஎல் மறுப்பது அதனால்தான். நீக்க வேண்டாம், பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். கோப்புறையைப் புது டிஸ்குக்கு மாற்றிய பின், உரிமையாளர் சரியாக இருந்தும் 'பெர்மிஷன் டினைடு' வந்தால் தடுப்பது கூடுதல் பாதுகாப்புக் காவலர்கள்: ரெட்ஹேட் வகை லினக்ஸில் எஸ்ஈலினக்ஸ், உபுண்டுவில் ஆப்ஆர்மர். எஸ்ஈலினக்ஸை நிரந்தரமாக அணைக்காமல், எஸ்ஈமேனேஜ் கட்டளையால் புதுப் பாதைக்கு லேபிள் கொடுத்து, அதைப் பதிய ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டுங்கள்.

சஸ்பெண்ட் செய்து எழுப்பிய விஎம்மில், பேக்கேஜ்கள் இறங்கும் ரெபாசிட்டரி 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பிழை வந்தால் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. நேரத்தைச் சரிசெய்யுங்கள், தீர்ந்தது.

குளோன் எடுத்த விஎம்களில் மைஎஸ்க்யூஎல் ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரின் தரவை இன்னொன்றுக்கு நகலெடுத்துக்கொண்டே இருப்பது) போட்டு, இரண்டின் யுயுஐடியும், அதாவது சர்வரின் தனி அடையாள எண்ணும், ஒன்றே என்று பிழை வந்தால், குளோனில் சர்வீஸை நிறுத்திவிட்டு டேட்டா கோப்புறையிலுள்ள ஆட்டோ-சிஎன்எஃப் கோப்பை மட்டும் அகற்றுங்கள். மறுபடி தொடங்கும்போது புது அடையாளத்தை அதுவே எழுதிக்கொள்ளும்.