"ஜாலியாக இருந்ததா தம்பி?" என்று கேட்காதீர்கள்

போன வாரம் நடந்தது. போதையை விட்டு மீள முயலும் பிள்ளைகளுக்கு ஆட்டமும் கலையும் பழக்கும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தன்னார்வலர் ஒருவர், இறகுப்பந்து ஆடிவிட்டு வெளியே வந்த 19 வயதுப் பையனை வாசலிலேயே மறித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "எப்படித் தம்பி, ஜாலியாக இருந்ததா?" என்று கேட்டார். பையன் போதையை விட்டு 26 நாள்தான் ஆகிறது. ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "பரவாயில்லை அண்ணா" என்றான். கேட்டவரின் முகம் தொங்கிப்போனது. அதைப் பையனும் பார்த்துவிட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர்மேல் மட்டும் கோபம் இல்லை. அதே கேள்வியை அதே சிரிப்போடு நானும் பல வருடம் கேட்டிருக்கிறேன்.

பழைய கூட்டாளிகள் கூடும் இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள், கையில் நிறையப் பணம் கொடுக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்தான் என்னை உறுத்துகின்றன.

முதல் நாளே மதிப்பெண் போடுவது

போதைப்பொருள், இயல்பான இன்பங்களால் எட்டவே முடியாத அளவுக்கு மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருளை வாரி இறைக்கிறது. அந்த வெள்ளத்துக்கு ஈடுகொடுக்க, மூளை அதை வாங்கிக்கொள்ளும் வாசல்களைக் குறைத்துக்கொள்கிறது. பொருளை நிறுத்திய மறுநாளே அந்த வாசல்கள் திறந்துவிடுவதில்லை. மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, போதை அடிமைத்தனத்தை ஆராயும் அமெரிக்க மருத்துவர் நோரா வோல்கோவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. டோபமைனைக் கையாளும் புரதங்களின் அளவு கணிசமாக மீண்டிருந்ததை அவர்கள் கண்டது, விட்டு 12 முதல் 17 மாதங்கள் ஆன பிறகு. பொருளுக்குப் பொருள், ஆளுக்கு ஆள் இந்தக் காலம் மாறும். ஆனால் 26-ஆம் நாளில் ஒருவனிடம் "ஜாலியா?" என்று கேட்பது, உச்சி வெயிலில் நின்றுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தவனிடம் "அறை வெளிச்சமாக இருக்கிறதா?" என்று கேட்பதைப் போல. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் கண்ணுக்கு இன்னும் பழகவில்லை.

இது தெரியாமல் நான் ஒரு பையனை ஏறக்குறைய இழந்தேன். விட்டு 40 நாள் ஆனபோது என்னிடம் வந்தான். முதல் வாரம் இறகுப்பந்து. "எப்படி இருந்தது?" "சுமார்." சரி, இது இவனுக்கு ஒத்துவரவில்லை என்று அடுத்த வாரம் நீச்சல். அதுவும் சுமார். பிறகு கிதார், ஓவியம், மலையேற்றம், புகைப்படம். ஆறு வாரத்தில் ஆறு. எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு. ஏழாவது வாரம் அவன் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தான், இன்னும் மோசமான நிலையில். ஒருநாள் தானாகவே சொன்னான்: "வாரத்துக்கு ஒன்றாகக் காட்டினீர்கள் அண்ணா. ஆறுமே பிடிக்கவில்லை. எனக்குள் ஏதோ செத்துப்போய்விட்டது, இனி போதை ஒன்றுதான் மிச்சம் என்று முடிவு செய்துவிட்டேன்."

அந்த முடிவுக்கு ஆறு சாட்சிகளைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான்.

இரண்டாவது முறை வேறு மாதிரி செய்தோம். ஒரே ஆட்டம், ஒரே கிழமை, ஒரே நேரம், கூட ஆட ஒரே ஆள். ஆறு முறை முடியும்வரை பிடித்ததா இல்லையா என்று யாரும் பேசக்கூடாது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். கிளம்பும் முன், எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறான் என்பதற்குப் பத்துக்கு ஓர் எண். வந்த பிறகு, எவ்வளவு இருந்தது என்பதற்கு ஓர் எண். மனச்சோர்வு சிகிச்சையில் நெடுநாளாகப் பயன்படும் முறைதான் இது. அவனுடைய முதல் பக்கம் இப்படி இருந்தது:

செவ்வாய் 1 – 2
செவ்வாய் 0 – 3
செவ்வாய் 2 – 2 (மழை)
செவ்வாய் 1 – 4

இரண்டும் மூன்றும் பெரிய சந்தோஷம் இல்லை. ஆனால் "ஒன்றும் இருக்காது" என்று அவன் மனம் சொன்ன ஒவ்வொரு முறையும் ஏதோ கொஞ்சம் இருந்தது என்பதை அவன் கையெழுத்தே அவனுக்குக் காட்டியது. நான் எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும் அதை நம்பியிருக்க மாட்டான். இப்போது வாசலில் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "அடுத்த செவ்வாய் வருகிறாயா?" அதற்குப் பதில் சொல்ல அவன் சந்தோஷமாக இருந்தாக வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. வாரக்கணக்காகச் சாப்பாடு, தூக்கம் எல்லாமே கெட்டு எண்கள் பூஜ்யத்திலேயே கிடந்தால், அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், அது நோட்டுப் புத்தக விஷயம் அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐஸ்லாந்தை உதாரணம் காட்டுவது

புதிதாக வருபவர்களுக்கு மிகவும் பிடித்த கதை இது. ஐஸ்லாந்தில், முந்தைய மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்த 15, 16 வயதினரின் பங்கு 1998-இல் 42 சதவீதம், 2016-இல் 5 சதவீதம். விளையாட்டும் கலையும் அதில் பெரும்பங்கு வகித்தன என்பது உண்மை. ஆனால் அது இன்னும் குடிக்கத் தொடங்காத பிள்ளைகளுக்காகப் போட்ட வேலி. பெற்றோரும் சட்டமும் சேர்ந்து தாங்கிய வேலி. உங்கள் முன்னால் நிற்பவன் ஏற்கெனவே பள்ளத்துக்குள் விழுந்து ஏறிக்கொண்டிருப்பவன். பந்தைக் கையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது

"இந்த எண்ணுக்குப் பேசு, நல்ல ஓவிய வகுப்பு" என்று சீட்டைக் கொடுத்தால், அந்தச் சீட்டு சட்டைப்பையிலேயே துவைக்கப்பட்டுவிடும். போதை இல்லாமல் முன்பின் தெரியாதவர்களோடு பேசியே பல வருடம் ஆன பிள்ளைகள் இவர்கள். குடிநோயாளிகளுக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் ஹன்ட், அஸ்ரின் இருவரும் 1973-இல் வெளியிட்ட சிகிச்சை முறையில், மது இல்லாத ஒரு மன்றமே சிகிச்சையின் பகுதியாக இருந்தது. அந்த வழியில் வந்தவர்கள் ஒரு நல்ல பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தார்கள்: முதல் அழைப்பை நம் எதிரில், நம் அறையிலிருந்தே செய்ய வைப்பது, முதல் நாள் கூடப் போக ஓர் ஆளை ஏற்பாடு செய்வது. நான் கூடுதலாக இன்னொன்று செய்வேன். வகுப்பு நடக்கும் இடத்தின் வாசல்வரை முந்தின நாளே ஒருமுறை நடந்து போய்த் திரும்புவோம். உள்ளே நுழைய வேண்டாம். செருப்பை எங்கே விடுவது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஆல்கஹால் இல்லாத பீர்

வேண்டாம்.

பணம் வைத்து ஆடுவது

"சும்மா ஒரு விளையாட்டுக்கு" என்றாலும் வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்து "இதிலிருந்து என்ன கற்றோம்?" என்பது

அவர்களை வீட்டுக்குப் போக விடுங்கள்.

சறுக்கினால் ஆட்டத்தை நிறுத்துவது

ஒருநாள் சறுக்கி, மீண்டும் போதையைத் தொட்டுவிட்டான் என்று தெரிந்ததும், "இரண்டு வாரம் விளையாட வராதே" என்று தண்டனை கொடுப்பார்கள். அந்த இரண்டு வாரம் அவன் எங்கே இருப்பான் என்று நினைக்கிறீர்கள்? அதைவிட ஆபத்து, அடுத்த முறை மறைப்பான். சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளில் பழைய அளவே உயிரை எடுத்துவிடும். ஆகவே உண்மையைச் சொன்னால் எதையும் இழக்க மாட்டோம் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தாக வேண்டும். போதையோடு வந்தால் அன்று ஆட்டம் கிடையாது, பத்திரமாக இருக்கிறானா என்று பார்த்துத் தேவைப்பட்டால் மருத்துவமனை. தெளிந்து வரும் அடுத்த செவ்வாய் மட்டை அவனுக்காகக் காத்திருக்கும்.

தோல்விக்கு மட்டும் தயார் செய்வது

சோகம், சண்டை, தனிமை எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டுவைப்போம். ஜெயித்த நாளை மறந்துவிடுவோம். ஒருமுறை எங்கள் பையன்கள் சிறிய போட்டி ஒன்றில் கோப்பை வாங்கினார்கள். மாலை ஏழு மணி. ஒரே கூச்சல், கட்டிப்பிடித்தல், படம் எடுத்தல். நாங்கள் வலையைச் சுருட்டி, விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். பொங்கிக்கொண்டிருந்த அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொண்டாட்டம் என்றால் அவர்கள் உடம்புக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அன்று இரவு இரண்டு பேர் சறுக்கினார்கள்.

இப்போதெல்லாம் இறுதி ஆட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்கிறோம். கோப்பை பதினொரு மணிக்கு. அதன்பிறகு எல்லோரும் சேர்ந்து மைதானத்தைக் கூட்ட வேண்டும், ஜெயித்தவர்களும்தான். முணுமுணுத்துக்கொண்டே கூட்டுகிறார்கள்.