இலேசான கரும்பொருளில் புராஜெக்ட் செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் எம்.எஸ்சி இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் பலர் கரும்பொருளில் (dark matter, ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) புராஜெக்ட் எடுக்க ஆசைப்படுகிறார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் துகளின் நிறை புரோட்டானுக்குக் கீழே இறங்கியதும் பழைய கணக்கு அப்படியே செல்லாது.

கரும்பொருள் துகள் மோதுவதைப் பிடிக்க வைக்கிற செனான் தொட்டி பெரிதாக இருந்தால் எதுவும் மாட்டும் என்று எழுதவே எழுதாதீர்கள். நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 100 மெகா எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள (புரோட்டானில் பத்தில் ஒரு பங்குபோல; நிறையையும் இந்த ஆற்றல் அலகில்தான் சொல்வோம்) துகள், ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் வருகிறது என்றால் அதன் இயக்க ஆற்றல் 50 எலக்ட்ரான்வோல்ட். செனான் அணுக்கருவின் நிறையோ சுமார் 122 ஜிகா எலக்ட்ரான்வோல்ட், நேருக்கு நேர் மோதினாலும் கைமாறுவது 0.16 எலக்ட்ரான்வோல்ட்தான். அம்மிக்கல்லில் புளியங்கொட்டையை எறிந்த மாதிரி. அதே துகள் அணுவில் கட்டுண்ட எலக்ட்ரானில் மோதினால் அந்த 50-இல் பெரும்பங்கைக்கூடக் கொடுக்கலாம், சிலிக்கானில் எலக்ட்ரானைக் கிளப்ப 1.1 போதும். கனடாவில் நிலத்தடி ஆய்வகத்தில் இயங்கும் சென்சே என்ற சிலிக்கான் கருவி ஒரே பிக்சலின் மின்னூட்டத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, இரைச்சலைச் சராசரியில் அடக்கி, எலக்ட்ரானை ஒவ்வொன்றாக எண்ணுவது இதனால்தான்.

அதற்காக ஒற்றை எலக்ட்ரான் தெரிந்ததும் துள்ளக் கூடாது. வெப்பக் கசிவு, உள்ளே புகுந்த வெளிச்சம் எல்லாமே ஒற்றை எலக்ட்ரானைத் தரும். இந்த மாதிரிப் பின்னணியை முதலில் எழுதுங்கள், அப்புறம் கரும்பொருள்.

கோட்பாட்டுப் பக்கம் என்னை அதிகம் வருத்துவது, நிறையை மட்டும் குறைத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவது. வலுவற்ற விசையை மட்டும் நம்பினால் 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே தொடக்கப் பிரபஞ்சத்தில் துகள்கள் போதிய அளவு அழியாமல் கரும்பொருள் தேவைக்கு மேல் மிஞ்சிவிடும் என்று லீயும் வெயின்பெர்க்கும் 1977-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே டார்க் ஃபோட்டான் மாதிரி ஒரு புதுத் தூதுவன், அதாவது கரும்பொருளுக்கும் சாதாரணப் பொருளுக்கும் இடையே விசையைக் கடத்தும் கற்பிதத் துகள், வேண்டும். அதோடு விட்டுவிடாமல், உங்கள் மாடலில் துகள்கள் வேகத்தைப் பொருட்படுத்தாமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் பிளாங்க் செயற்கைக்கோளின் பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி அளவீடு அதைப் பெரும்பாலும் தள்ளிவிடும். வேகம் குறையக் குறைய அழிவும் குறைகிற மாடல் தப்பிக்கும்.

செர்ன் ஆய்வகத்தின் என்ஏ64 போன்ற துகள் கற்றைச் சோதனைகள் கரும்பொருளைத் தாமே உண்டாக்கி, காணாமல்போன ஆற்றலைத் தேடுகின்றன. அதன் வரம்பையும் சிலிக்கான் வரம்பையும் ஒரே படத்தில் போடும்போது என்ன மாடல் என்று சொல்லாமல் விடாதீர்கள்.

கடைசியாக, நிறை 0.1 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு இறங்கினால் நம் விண்மீன் மண்டலத்தின் அதிவேகத் துகளிடம்கூட அரை எலக்ட்ரான்வோல்ட் தேறாது, சிலிக்கானை அங்கே இழுக்க வேண்டாம். அலுமினிய மீக்கடத்தியைப் படியுங்கள், எலக்ட்ரான் இணையைப் பிரிக்க அதில் ஓர் எலக்ட்ரான்வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.