டிஷ்வாஷரில் தவறான சோப்பு: நுரையையும் எச்சத்தையும் அகற்றும் முறை

டிஷ்வாஷருக்கான தூள் தீர்ந்துபோன இரவில், சிங்க் ஓரத்தில் இருக்கும் பாத்திரம் துலக்கும் ஜெல்லை எடுத்து இயந்திரத்தின் சோப்புக் கிண்ணத்தில் ஊற்றிவிடுவது பல வீடுகளில் நடக்கும் காரியம். வீட்டு வேலைக்கு வருபவரிடம் எதை எங்கே போட வேண்டும் என்று சொல்லாமல் விட்டாலும் இதே கதைதான். சிறிது நேரத்தில் கதவின் கீழ் விளிம்பிலிருந்து வெண்ணுரை வழிந்து தரையில் பரவத் தொடங்கும். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும், பெரும்பாலான நேரங்களில் இயந்திரம் பழுதடைவதில்லை. வெளியே வந்த நுரையைத் துடைப்பது எளிது. உள்ளே எந்தெந்த இடத்தில் சோப்பு தங்கியிருக்கிறது என்று தேடி எடுப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

கையால் துலக்குவதற்கான ஜெல்லில், சோடியம் லாரெத் சல்பேட் போன்ற, எளிதில் நுரை பொங்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். டிஷ்வாஷர் தூளோ சோடியம் கார்பனேட், ஆக்சிஜன் வகை வெளுப்பான், புரதத்தையும் மாவுச்சத்தையும் சிதைக்கும் நொதிகள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது; அதில் சேரும் சோப்புப் பொருளும் நுரை குறைவாக வரும் வகையைச் சேர்ந்தது. இயந்திரம் அடியில் தேங்கும் சில லிட்டர் நீரையே பம்பின் மூலம் மீண்டும் மீண்டும் உறிஞ்சி, சுழலும் கைகளின் துளைகள் வழியே வேகமாகப் பீய்ச்சுகிறது. ஜெல் கலந்த நீரை அப்படிப் பீய்ச்சுவது மத்தால் கடைவதற்குச் சமம். உள்ளே நுரை நிறைந்ததும் பம்பு நீரோடு காற்றையும் இழுக்க, பீய்ச்சும் அழுத்தம் குறைந்து பாத்திரங்களும் சுத்தமாகாமல் போகின்றன. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தெறிக்கும் நீரைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்டது. மெல்ல மெல்ல ஏறி வரும் நுரையை அது முழுமையாகத் தடுக்காது.

நுரையைக் கண்டவுடன் முதலில் தரையைப் பாருங்கள். சோப்பு நீர் பிளக் பாயின்ட் அல்லது நீட்டிப்புக் கம்பி இருக்கும் இடம் வரை ஓடியிருந்தால், அந்த நீரில் கால் வைக்காமல், மெயின் பெட்டியில் உள்ள சுவிட்சைக் கீழே இறக்கி மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். அப்படி இல்லையென்றால், ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை ரத்து செய்து, உள்ளிருக்கும் நீரை வெளியேற்ற விடலாம். பெரும்பாலான மாடல்களில் ஸ்டார்ட் அல்லது ரீசெட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பம்பு நீரைக் குழாய் வழியே தள்ளிவிடும். சுற்று பாதியில் நின்றிருப்பதால் உள்ளே நீர் கடும் சூட்டில் இருக்கக்கூடும். ஆகவே கதவைச் சற்றே திறந்து வைத்து, ஆவி அடங்கிய பிறகு முழுவதுமாகத் திறப்பது நல்லது. வடிகுழாய் சிங்கின் கீழ்க் குழாயோடு இணைக்கப்பட்டிருந்தால், சிங்கிலும் நுரை மேலேறி வரலாம். அங்கே வெந்நீர் ஊற்றாமல் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது அடங்கிவிடும்.

அடுத்து, பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். அவற்றை உள்ளேயே வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் டம்ளர், கிண்ணம், டப்பா மூடி ஒவ்வொன்றின் மடிப்பிலும் சோப்பு ஒட்டிக்கொண்டிருப்பதால், அது திரும்பத் திரும்ப நீரில் கரைந்து வேலையை நீட்டித்துக்கொண்டே போகும். வெளியே எடுத்தவற்றைக் குழாய் நீரில் நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள். துணி துவைக்கும் தூளோ திரவமோ விழுந்திருந்தால் வெறும் அலசல் போதாது, கையால் ஒருமுறை முறைப்படி துலக்கிவிட வேண்டும். அதில் உள்ள வாசனைப் பொருள்களும் துணியைப் பளிச்சென்று காட்டும் பொருள்களும் சாப்பிடும் தட்டில் இருக்க வேண்டியவை அல்ல. குழந்தையின் பால் புட்டி அந்தக் கூட்டத்தில் இருந்தால் அதைத் தனியே கழுவி, வழக்கம்போல் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

இப்போது காலியான இயந்திரத்திற்குள் மிஞ்சியிருக்கும் நுரையை ஒரு குவளையால் அள்ளி வாளியில் போடலாம். அள்ள முடியாததை ஈரத் துண்டால் வழித்து எடுக்கலாம். அடியில் உள்ள வடிகட்டியைத் திருகிக் கழற்றினால் அதற்குக் கீழே ஒரு சிறு பள்ளம் தெரியும். அங்கே தேங்கியிருக்கும் சற்றுக் கெட்டியான, வழவழப்பான நீரை ஸ்பாஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அங்கே உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கலாம் என்பதால் வெறும் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். சோப்புக் கிண்ணத்தையும் அதன் மூடியின் உட்புறத்தையும் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். பல மாடல்களில் கதவின் உட்புறத்தில் முதல் அலசலுக்கான ஒரு சிறு குழி தனியாக இருக்கும், அதையும் விட்டுவிடக் கூடாது. கதவின் கீழ் விளிம்பையும் ரப்பர் பட்டையின் மடிப்பையும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓரம் முழுவதும் துடைத்தால், எவ்வளவு ஜெல் அங்கே ஒளிந்திருந்தது என்பது தெரியும்.

நுரையை உடைக்க உப்பு, வினிகர், சமையல் எண்ணெய் ஆகிய மூன்றும் பயன்படும். மூன்றையும் ஒரே நேரத்தில் கொட்டத் தேவையில்லை. ஒன்றிரண்டு மேசைக்கரண்டி தூள் உப்பை அடியில் தூவி, ஒரு குவளை பச்சைத் தண்ணீரைத் தெளித்தால் நுரை தணியும். கல்லுப்பும் அதே வேலையைச் செய்யும் என்றாலும் கரையாத பரல்கள் வடிகட்டியில் சிக்கும். உப்பு நீர் ஸ்டீல் பரப்பில் நீண்ட நேரம் தேங்கினால் புள்ளி புள்ளியாக அரிப்பு ஏற்படக்கூடும் என்பதால், தூவியதும் தாமதிக்காமல் அலசிவிட வேண்டும். வினிகர் என்றால் கால் டம்ளர் வெள்ளை வினிகர் போதும், அதையும் அடிக்கடி பயன்படுத்துவது ரப்பருக்கு நல்லதல்ல. பிடிவாதமான நுரைக்கு என் விருப்பம் எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயை அடியில் ஊற்றி, வடிகட்டியைப் பொருத்திவிட்டு ஒரு குறுகிய சுற்று ஓட்டினால், எண்ணெய்த் துளிகள் நுரைக் குமிழிகளின் மெல்லிய சவ்வில் பரவி அவற்றை உடைத்துவிடுகின்றன. எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சுமே என்ற கவலை வேண்டாம், பிற்பாடு சரியான தூளோடு ஓட்டும் சுடுநீர்ச் சுற்று அதை எடுத்துவிடும். பேக்கிங் சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் போடுவது பொங்கி வருவதால் ஏதோ நடப்பதுபோல் தோன்றினாலும், ஒன்றையொன்று சமன்செய்து கொள்வதைத் தவிர அதில் பயனில்லை. ஏற்கெனவே பொங்கி நிற்கும் இயந்திரத்தில் இன்னொரு பொங்கலும் தேவையில்லை. குளோரின் ப்ளீச், கழிவறைக்கான அமிலம் ஆகியவற்றை இதன் அருகிலேயே கொண்டு போகக் கூடாது. வினிகரோடு ப்ளீச் கலந்தால் மூச்சைத் திணறடிக்கும் குளோரின் வாயு வெளிப்படும்.

இதற்குப் பிறகு வடிகட்டி பொருத்தப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, சோப்பு எதுவும் போடாமல், இயந்திரத்தில் இருக்கும் மிகக் குறுகிய குளிர்நீர் அலசல் சுற்றை ஓட்ட வேண்டும். சுடுநீர்ச் சுற்றை இந்தக் கட்டத்தில் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு: ஒட்டியிருக்கும் சோப்பை வெந்நீர் வேகமாகக் கரைத்து நுரையைத் திரும்பக் கிளப்பிவிடும். சுற்று தொடங்கிச் சிறிது நேரத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து பாருங்கள். நுரை மீண்டும் எழுந்திருந்தால் நீரை வெளியேற்றி, மேலே சொன்னபடி அள்ளிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எத்தனை முறை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அது விழுந்த ஜெல்லின் அளவைப் பொறுத்தது. சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை இருக்கிறது. வடிகட்டியைச் சுற்றி நிற்கும் நீரில் கொஞ்சத்தை எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பாதி வரை ஊற்றிக் குலுக்குங்கள். மேலே எழும் குமிழிகள் சில விநாடிகளில் உடைந்து மறைந்தால் உள்ளே சோப்பு அநேகமாக இல்லை. விரல்கடை உயரத்திற்கு நுரை நின்றுகொண்டே இருந்தால் இன்னும் அலசல் தேவை.

இதுவரை சொன்னது சோப்பு அதன் கிண்ணத்தில் விழுந்திருந்தால் செய்ய வேண்டியது. பாத்திரங்கள் நீர்ப்புள்ளி இல்லாமல் காய உதவும் திரவத்துக்கான ரின்ஸ் எய்டு அறையில் ஜெல்லை ஊற்றியிருந்தால் நிலைமை வேறு. அந்த அறை, கடைசி அலசலின்போது ஒவ்வொரு சுற்றிலும் சில மில்லிலிட்டர் திரவத்தை மட்டும் வெளியே விடும்படி அமைக்கப்பட்டது. ஆகவே அதில் நிறைந்த ஜெல், பல வாரங்களுக்கு ஒவ்வொரு கழுவலின் இறுதியிலும் நுரையைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகும் சுற்றின் முடிவில் மட்டும் நுரை வருகிறது என்றால் இந்த அறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஜெல்லை உறிஞ்சி எடுத்து, வெதுவெதுப்பான நீரை உள்ளே செலுத்தி, மீண்டும் உறிஞ்சி, வெளியே வரும் நீர் வழவழப்பில்லாமல் தெளிவாகும் வரை செய்ய வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் வேறு குறுக்கு வழி இல்லை. பிறகு சரியான ரின்ஸ் எய்டை நிரப்பி, காலியான இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

உப்பு அறையில் சோப்போ டிஷ்வாஷர் தூளோ விழுவதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய தவறு. ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் கடினநீரை மென்மையாக்கும் பொறுப்பு இந்த அறையோடு இணைந்த பிசின் மணிகளுடையது. உப்புக் கரைசல்தான் அவற்றுக்கு மீண்டும் திறனூட்டுகிறது, சோப்பு அவற்றைப் பாழாக்கிவிடும். இந்த நிலையில் எந்தச் சுற்றையும் ஓட்டாமல், மூடியைத் திறந்து, உள்ளிருப்பதை ஒரு மெல்லிய குழாயாலோ சிரிஞ்சாலோ இயன்றவரை வெளியேற்றிவிட்டு, சேவை மையத்தை அழைப்பதே சரி. தூசும் மணலும் கலந்ததுபோல் இருக்கும் பாத்திரம் துலக்கும் தூளைப் போட்டிருந்தால் சிக்கல் இன்னொரு வகை. அது அவ்வளவாக நுரைக்காது, ஆனால் அதில் உள்ள கனிமத் துகள்கள் கரையாமல் வடிகட்டியிலும் சுழலும் கைகளின் துளைகளிலும் படியும். மேல், கீழ்க் கைகளைக் கழற்றி, குழாயடியில் பிடித்து, ஒவ்வொரு துளை வழியாகவும் நீர் தடையின்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடைபட்டதைப் பல் குத்தும் குச்சியால் நீக்கலாம்.

சில நேரங்களில் நுரை உள்ளிருந்து கசிந்து இயந்திரத்தின் அடித்தட்டில் நீராகச் சேர்ந்துவிடும். அங்கே உள்ள மிதவை அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு இயந்திரத்தை முடக்கிவிடும். பாஷ் இயந்திரங்களில் திரையில் தோன்றும் இ15 என்ற குறி இதையே சொல்கிறது. பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதும் இதன் அடையாளமே. நீர்க்குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, அடித்தட்டு காயும்வரை விட்டுவைத்தால் சிறிய அளவு தேக்கம் தானாகவே சரியாகலாம். இயந்திரத்தைச் சாய்த்து நீரைக் கொட்டச் சொல்லும் ஆலோசனையை நான் பரிந்துரைப்பதில்லை. முழு அளவு டிஷ்வாஷர் சுமார் 50 கிலோ எடை கொண்டது, சோப்பு படிந்த தரையில் அதைச் சாய்ப்பது கை கால்களுக்கு ஆபத்து. காய்ந்தும் குறி மறையவில்லையென்றால் மெக்கானிக்கை அழையுங்கள், அவரிடம் தவறான சோப்பு விழுந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். "தானா லீக் ஆகுது" என்று மட்டும் சொன்னால், அவர் நன்றாக இருக்கும் ரப்பரையும் வால்வையும் மாற்றிவிட்டுப் போக வாய்ப்புண்டு.

பாட்டில் சோதனையில் நுரை தங்காமல் மறையும் நிலை வந்ததும், வழக்கமான டிஷ்வாஷர் தூளைப் பாதி அளவு போட்டு, காலியான இயந்திரத்தைச் சுடுநீர்ச் சுற்றில் முழுவதும் ஓட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும், கட்டிச் சோப்பு விழுந்திருந்தால் கடினநீரோடு சேர்ந்து அது விட்டுச்சென்ற வெள்ளைப் படலத்தின் ஒரு பகுதியும் இதில் போய்விடும். படலம் மிஞ்சினால், ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தை மட்டும் போட்டு இன்னொரு சுற்று ஓட்டலாம். அதன் பிறகு ஸ்டீல் தட்டுகள், டம்ளர்கள் போன்ற சாதாரணப் பாத்திரங்களை மட்டும் பாதி அளவு அடுக்கி ஓட்டி, நீர் சூடேறும் முதல் அரை மணி நேரம் அருகிலேயே இருந்து கதவின் கீழ் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் கசியாமலும், கழுவி முடிந்த டம்ளர் வழவழக்காமலும் இருந்தால், மறுநாளிலிருந்து முழு அளவில் அடுக்கலாம்.