கொல்லையில் மட்குத் தொட்டி: நாறுவதும் ஏன், நின்றுபோவதும் ஏன்?

சமையலறைக் கழிவை உரமாக்க மட்குத் தொட்டி வைத்து, இரண்டே மாதத்தில் அதைக் கவிழ்த்து மூலையில் போட்டுவிட்ட வீடுகள் நிறைய. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், அடியில் கறுப்புத் தண்ணீர், சுற்றிலும் ஈ. கழிவு மக்குவதும் அழுகுவதும் காற்றைப் பொறுத்தது. காற்று கிடைத்தால் ஒரு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும். சூடும் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, மண்வாசனையோடு உரம் மிஞ்சும். காற்று அடைபட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, புளித்த அமிலங்களையும், அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் உண்டாக்கும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை எப்படியோ சுற்றிவந்து இந்தக் காற்றடைப்பில்தான் முடிகின்றன.

சருகு இல்லாமல் தொடங்குவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். சமையலறைக் கழிவு தினமும் வந்துவிடும், அதைத் தேட வேண்டியதில்லை. காய்ந்த இலை அப்படியல்ல. வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் கொட்டித் தீர்த்துவிடும். அன்றைக்குக் கூட்டி எரித்துவிட்டு, ஐப்பசி மழையில் சருகுக்கு அலைவது வீண்.

கணக்கு இப்படி. காய்கறித் தோலில் பத்தில் எட்டுப் பங்கு தண்ணீர். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், கரிமம் (கார்பன்) குறைவு. அதன் கரிமம்-தழைச்சத்து விகிதம் ஏறத்தாழ 15 முதல் 20-க்கு 1. சருகில் மரத்தைப் பொறுத்து 40 முதல் 80-க்கு 1 வரை இருக்கும். நுண்ணுயிர்களுக்குத் தோதானது 25 முதல் 30-க்கு 1. ஒரு கிலோ ஈரக் கழிவோடு 300 முதல் 400 கிராம் சருகு சேர்த்தால் விகிதமும் ஈரமும் ஏறக்குறைய சரியாக அமையும். தராசு வேண்டாம் என்றால், ஒரு பாத்திரம் கழிவுக்கு அதே பாத்திரத்தில் இரண்டு பாத்திரம் நொறுக்கிய சருகு. கழிவின் மேல் ஒரு கைப்பிடி தூவுவது எந்த மூலைக்கும் போதாது.

நாளுக்கு அரைக் கிலோ கழிவு வரும் வீட்டுக்கு மாதம் ஒரு சாக்குச் சருகு வேண்டியிருக்கும். வருடத்துக்குப் பன்னிரண்டு சாக்கு. உதிரும் காலத்திலேயே சேர்த்து, மழை படாமல் தாழ்வாரத்திலோ மாடிப்படிக்குக் கீழோ அடுக்கிவிட வேண்டும். பன்னிரண்டு சாக்கு வைக்க இடமில்லாதவர்கள், சருகை நன்றாகக் காயவைத்துச் சாக்கிலேயே மிதித்து நொறுக்கினால் பாதி இடம் மிச்சமாகும்.

நொறுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாதாம், பலா, தேக்கு போன்ற அகல இலைகளை முழுதாகப் போட்டால் ஈரத்தில் ஒன்றின்மேல் ஒன்று தட்டையாக ஒட்டிக்கொள்ளும். நடுவே காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. புளிய இலைக்கு இந்தத் தொல்லை இல்லை. தைலமர இலையும் சவுக்கு ஊசியும் மக்க வெகுநாள் ஆகும், கொஞ்சமாகக் கலந்தால் போதும். வேப்பிலை நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். காய்ந்த வேப்பிலையைத் தாராளமாகப் போடலாம்.

சருகுக்குப் பதிலாக முழுக்க முழுக்கத் தென்னை நார்க்கழிவையே போடுவதும் தவறு. அது தண்ணீரை உறிஞ்சும், நாற்றத்தையும் அடக்கும். ஆனால் தூளாக இருப்பதால் படிந்து இறுகும், காற்றுக்கு இடைவெளி விடாது. பாதிக்குப் பாதி சருகோடு கலந்து பயன்படுத்தலாம். சருகு தீர்ந்துபோன மாதத்தில் முட்டை வைக்கும் அட்டைத் தட்டையும் பழைய செய்தித்தாளையும் கிழித்துப் போடுங்கள். மரத்தூளும் சரிதான், ஒட்டுப்பலகை அறுத்த தூளில் பசை கலந்திருக்கும், அது வேண்டாம்.

தொட்டியிலேயே இருக்கும் கோளாறு

ஓட்டை போடாத டிரம், அல்லது மேலே மட்டும் நாலு ஓட்டை போட்ட டிரம் வேலைக்காகாது. உள்ளே சூடான காற்று மேலே ஏற, கீழிருந்து புதுக்காற்று உள்ளே வர வேண்டும். ஆகவே அடிப்பகுதியிலும் ஓட்டை அவசியம். 200 லிட்டர் டிரம்முக்குப் பக்கவாட்டில் சுற்றிலும் 8 மில்லிமீட்டர் ஓட்டைகளை அரைச் சாண் இடைவெளியில் போடலாம். அதைவிடப் பெரிதாகப் போட்டால் சுண்டெலி நுழையும். நடுவில், ஓட்டை போட்ட நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்றை நட்டுவைத்தால் கிளறுவதில் கொஞ்சம் சோம்பினாலும் தாங்கும். டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள்; பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

அடிப்பக்கத்தை அறுத்துவிட்டு மண்ணின்மேல் வைப்பது நல்லது. மிச்சத் தண்ணீர் மண்ணில் இறங்கும், மண்புழு தானாக ஏறிவரும். எலிக்காகக் கால் அங்குலக் கம்பி வலையை அடியில் விரித்துவிட வேண்டும். சிமெண்டுத் தரையில்தான் வைக்க முடியும் என்றால் செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, கீழே தட்டு வையுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரையும் மூடியின் குழிவில் நிற்கும் மழைநீரையும் நாள்தோறும் கொட்டாவிட்டால் கொசு வளரும். கிணற்றடியிலும் வீட்டுச் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். சித்திரை வெயில் நேராக விழும் இடத்தில் சின்னத் தொட்டி ஓரமெல்லாம் காய்ந்துபோகும், மரநிழல்தான் தோது.

முதல் அடுக்காக ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி, தேங்காய் மட்டைத் துண்டு, அதன்மேல் சருகு. இந்த அடுக்கை விட்டுவிட்டு நேரே காய்கறித் தோலைக் கொட்டினால் அடி ஓட்டைகள் ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஒரே தொட்டியோடு நிறுத்துவதும் பலர் கவனிக்காத பிழை. தினமும் மேலே புதுக்கழிவு விழுந்துகொண்டே இருந்தால் அந்தத் தொட்டி என்றைக்கும் முடியாது. நாளுக்கு அரைக் கிலோ கழிவு என்ற அளவில் 200 லிட்டர் டிரம் நிறைய மூன்று நான்கு மாதம் ஆகும். மக்க மக்கச் சரக்கு கீழே இறங்கிவிடுவதால்தான் இவ்வளவு நாள். நிறைந்ததும் அதை மூடிவைத்து இரண்டாவது டிரம்மில் போடத் தொடங்க வேண்டும். இது நிறைவதற்குள் அது தயாராகியிருக்கும்.

ஈரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது

கையுறை போட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் ஈரம் மிகுதி. பிடியைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் ஈரம் போதாது. மேல்பரப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலே மொறுமொறுவென்றிருக்கும், ஒரு முழம் கீழே சேறாக இருக்கும்.

ஈரம் கூடிவிட்டால் சருகை மேலே கொட்டி மூடுவதால் பயனில்லை, அடிவரை கலக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் முழுவதையும் தரையில் கொட்டி, பாதி அளவு புதுச்சருகைக் கலந்து மறுபடி நிரப்புவதே குறுக்குவழி. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வேறு கதை: அங்கே தழைச்சத்து மிஞ்சிவிட்டது. சருகு அதற்கும் மருந்து. நாற்றமும் இல்லை, சூடும் இல்லை, எறும்பு மட்டும் ஊர்கிறது என்றால் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். அரிசி களைந்த தண்ணீரைத் தெளித்துக் கிளறினால் போதும்.

கிளறுவது வாரம் ஒரு முறை. தினமும் கிளறினால் சூடு நிற்காது. ஒரு மீட்டர் நீள அகல உயரம் உள்ள குவியலில்தான் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி நிலைக்கும்; டிரம்மில் அந்தச் சூட்டை எதிர்பார்க்க வேண்டாம். இதனால் ஒரு விளைவு உண்டு: களை விதையும் நோய்க்கிருமியும் டிரம்மில் சாவதில்லை. பூத்த பார்த்தீனியம், கோரைக் கிழங்கு, அருகம்புல் வேர், வேர்முடிச்சு நோய் கண்ட தக்காளிச் செடி இவற்றை உள்ளே போட்டால் உரத்தோடு சேர்ந்து தோட்டத்துக்கே திரும்பிவரும்.

எதைப் போடுவது என்ற குழப்பம்

மீன், கறி, எலும்பு, எண்ணெய்ப் பலகாரம், ஊறுகாய் இவை எலியையும் நாற்றத்தையும் அழைத்துவரும். மீன் கழிவை ஒன்றரை அடி ஆழத்தில் செடியோரம் புதைப்பதே நல்லது. வெறும் சோறு ஒரு கைப்பிடி இருந்தால் உதிர்த்து நடுவில் புதைக்கலாம்; கட்டியாகப் போட்டால் பூஞ்சணம் பிடித்து உருண்டையாகிவிடும். பாலும் சர்க்கரையும் கலந்த தேயிலைச் சக்கையை ஒரு முறை அலசிப் போடுங்கள். நாய், பூனைக் கழிவில் குடற்புழு முட்டைகள் இருக்கக்கூடும், கூடவே கூடாது.

எலுமிச்சைத் தோலும் வெங்காயத் தோலும் ஆகாது என்பது வீண் பயம். வீட்டில் வரும் அளவு ஒன்றும் செய்யாது. வாழைத்தண்டு, வாழையிலை, முருங்கைச் சக்கை இவற்றை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்க வேண்டும், இல்லையென்றால் நார் நாராகக் கிடக்கும். மாங்கொட்டையும் சிரட்டையும் உள்ளே போட்டால் போட்டபடியே வெளியே வரும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் நாற்றத்தைப் போக்கும் என்று அள்ளிக் கொட்டுகிறார்கள். அவை காரத்தன்மையைக் கூட்டுவதால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட கேரிபேக், ஆலை அளவிலான சூட்டில் மக்குவதற்காகச் செய்யப்பட்டது. வீட்டுத் தொட்டியில் அப்படியே கிடக்கும்.

காசு கொடுத்து வாங்கும் நுண்ணுயிர்த் தூள் கட்டாயமில்லை. ஒரு கிலோ சாணத்தை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தேவைக்குத் தெளிக்கலாம், அல்லது பழைய மட்கு இரண்டு கைப்பிடி. புளித்த மோரும் ஆகும். வெல்லம் கரைத்து ஊற்றினால் எறும்புக்கு விருந்து.

புழுவைக் கண்டு பயப்படுவதும், பயப்படாமல் விடுவதும்

தட்டையாக, மடிப்பு மடிப்பாக, வெளிர் நிறத்திலிருந்து பழுப்பாக மாறும் அரை முதல் ஒரு அங்குலப் புழுக்கள் கூட்டமாக நெளிந்தால் அவை கறுப்பு வீரன் ஈயின் புழுக்கள். கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டையும் மொய்க்காது. பூச்சிமருந்து அடித்துவிடாதீர்கள். பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் சருகைக் கூட்டி ஈரத்தைக் குறைத்தால் தானாகக் குறையும். பழ ஈக்கும் அதே வைத்தியம்தான்: புதுக்கழிவு வெளியே தெரியாதபடி இரண்டு அங்குலச் சருகுப் போர்வை.

பெருவிரல் தடிமனில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, பிறைபோல் வளைந்து கிடக்கும் புழு வேறு. அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அந்த வண்டு எருக்குழியிலும் மட்கிலும் முட்டையிட்டு, வளர்ந்தபின் தென்னங்குருத்தைக் குடையும். தென்னை இருக்கும் வீட்டில் கிளறும்போதெல்லாம் இவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும்.

அவசரப்பட்டு அள்ளுவது

கறுத்துவிட்டதே என்று எடுத்துச் செடிக்குப் போட்டால் இலை மஞ்சளாகும். பாதி மக்கிய சரக்கு, மிச்ச வேலையை முடிக்க மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நிறைந்த டிரம் மூன்று மாதம் இருக்கட்டும். பிறகு ஒரு பிடியை ஈரமாகவே பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் தயார். புளிப்போ நாற்றமோ வந்தால் இன்னும் மூன்று நான்கு வாரம் நிழலில் கிடக்க வேண்டும். சந்தேகம் தீராதவர்கள் ஒரு கிண்ணத்தில் மட்கும் மறு கிண்ணத்தில் தோட்ட மண்ணுமாக வைத்துப் பத்துப் பத்து வெந்தயம் ஊன்றலாம். இரண்டிலும் ஒரே மாதிரி முளைக்க வேண்டும்.

தயாரான மட்கிலேயே நேராகச் செடி வைப்பதும் கூடாது. தொட்டிச் செடிக்கு மொத்தக் கலவையில் கால் பங்கு மட்கு போதும், மீதி மண்ணும் மணலும். அடியில் வடியும் கறுப்புத் தண்ணீரை ‘டானிக்’ என்று அப்படியே ஊற்றினால் வேர் கருகலாம். அதைத் திரும்பத் தொட்டியிலேயே சருகின் மேல் ஊற்றுங்கள், அல்லது பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து மரத்தடியில் விடுங்கள், கீரைக்கு வேண்டாம். மட்கை அரை அங்குலச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் சுள்ளியையும் நாரையும் அடுத்த டிரம்மின் அடி அடுக்கில் பரப்பினால் சாணக் கரைசலும் தேவைப்படாது.