சித்திரை வெயிலில் நாய்க்குத் தண்ணி வைக்கிற முறை

போன சித்திரையில் ஒருநாள் மத்தியானம் வயலால் வந்து படலையைத் திறந்தேன், றோசி குரைக்கவில்லை. மாமரத்தடியில் கட்டியிருந்தேன். காலையில் நல்ல நிழலாக இருந்த அந்த இடம் இப்போது முழு வெயில். தண்ணிச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. சங்கிலி மரத்தைச் சுற்றி இறுகியிருந்தது. நிழலுக்கு ஒரு முழம் தள்ளி, நாக்கு முழுக்க வெளியே தொங்க, றோசி படுத்திருந்தாள். கிணத்தடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தப்பிவிட்டாள்.

அன்றைக்குக் காலையில் அந்தச் சட்டியை நிரப்பியவள் நான்தான். "தண்ணி வைச்சாச்சு" என்ற நிம்மதியோடுதான் வயலுக்குப் போனேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுடைய வாய்க்கு அந்தத் தண்ணி எட்டுமா என்று நான் யோசிக்கவில்லை. முதன்முதலாக நாய் வளர்க்கிற ஆட்களுக்காக, அதற்குப் பிறகு வீட்டில் மாற்றியவற்றை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

1. நாயை நிறுத்துப் பாருங்கோ

நாய்க்கு ஒரு நாளைக்கு, நிறையில் ஒரு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை தண்ணி வேண்டும். நெல்லு நிறுக்கிற தராசில் முதலில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கோ, பிறகு தனிய ஏறுங்கோ. கழித்து வருவதுதான் நாயின் நிறை. றோசி 15 கிலோ. அப்படியென்றால் 750 முதல் 900 மில்லிலீற்றர். இது சாதாரண நாள் கணக்கு. வெயில் கொளுத்துகிற நாளில், ஓடித்திரிகிற நாய்க்கு, பால் கொடுக்கிற தாய்நாய்க்கு இதைவிட நல்லாய்க் கூட வேண்டும்.

இந்தக் கணக்கில் சாப்பாட்டில் இருக்கிற தண்ணியும் சேர்த்தி. சோற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணிதான். கடையில் விற்கிற உலர்ந்த நாய்ச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். சோற்றில் இருந்து அதற்கு மாற்றினால் நாய் சட்டியில் கூடக் குடிக்கும், குடிக்கவும் வேண்டும்.

குடிக்கிற அளவை அறிய, 1.5 லீற்றர் சோடாப் போத்தலால் அளந்து ஊற்றுங்கோ. அடுத்த நாள் காலையில் மிச்சத்தைத் திரும்ப அளவுங்கோ. சோளகம் வீசுகிற மாதங்களில் காற்றே கொஞ்சத் தண்ணியைக் குடித்துவிடும். அதனால் அதே மாதிரிச் சட்டியில் அதே அளவு தண்ணியை ஒரு மிருகமும் தொடாத இடத்தில் வையுங்கோ. அதில் குறைந்ததை இதில் கழியுங்கோ. கோழியும் காகமும் வந்து குடிக்கிற வளவு என்றால் அளக்கிற நாட்களில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். மூன்று நாள் அளந்தால் உங்கள் நாயின் வழமை பிடிபடும். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ, பின்னுக்கு உதவும்.

2. சட்டி

மண்சட்டிதான் என் தெரிவு. அதன் உடம்பில் கசிகிற ஈரம் காற்றில் காய்ந்து தண்ணியைக் குளிராக வைத்திருக்கும், பாரமும் கூட. வெயிலில் வைத்த அலுமினியச் சட்டித் தண்ணி கொஞ்ச நேரத்தில் சுடத் தொடங்கிவிடும். பிளாஸ்ரிக் பேசின் கீறுப்பட்டால் அந்தக் கீறலுக்குள் அழுக்குப் பிடிக்கும், குட்டி கடித்து விழுங்கியும் விடும்.

எந்தச் சட்டி என்றாலும் கவிழாமல் பாருங்கோ. பழைய மோட்டார்சைக்கிள் ரயரைப் படுக்கப் போட்டு அதற்குள் இறுக்கி வைக்கலாம், இல்லாவிட்டால் பாதி உயரத்துக்கு மண்ணில் புதைக்கலாம்.

3. இடமும் சங்கிலியும்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், ஆறுதலாக வாசியுங்கோ.

எங்கள் பக்கத்தில் நாயை ஒரு மரத்தில் கட்டுவதுதான் வழக்கம். காலை எட்டு மணி நிழல் மரத்துக்கு மேற்கே விழும், பின்னேர நிழல் கிழக்கே விழும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் வன்னியில் நடுப்பகலில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும், ஆவணி நடுவிலும் அப்படித்தான். அந்த நேரம் மரத்தின் கொப்புகளுக்கு நேர்கீழே மட்டும்தான் நிழல். காலையில் பார்த்துக் கட்டிய இடம் மத்தியானம் நெருப்பு.

ஒருநாள் வீட்டில் நின்று பாருங்கோ. காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, பின்னேரம் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு தடி நட்டு அடையாளம் வையுங்கோ. மூன்று இடத்துக்கும் நாய் போய்வர வேண்டும். மூன்று நேரமும் நிழலில் இருக்கிற ஒரு தண்ணிச் சட்டியாவது அதற்கு எட்ட வேண்டும்.

ஒற்றைச் சங்கிலி இதற்குச் சரிவராது. இரண்டு மரங்களுக்கு நடுவே தடித்த கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஓடுகிற வளையத்தில் சங்கிலியைக் கொளுவுங்கோ. நாய் நிழலோடு நிழலாக நகரும். கம்பியின் இரண்டு பக்கமும், சங்கிலி மரத்தை எட்டாத தூரத்தில் ஒரு தடுப்பு முடிச்சுப் போட வேண்டும். போடாவிட்டால் பழையபடி மரத்தைச் சுற்றிக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான். சட்டிகளைச் சங்கிலி இழுபடாத ஓரத்தில் வையுங்கோ, இரண்டு சட்டி வையுங்கோ. ஒன்று எப்படியும் ஒருநாள் கவிழும்.

வளவு வேலி நல்லதென்றால் பகலில் கட்டாமலே விடுவது இன்னும் நல்லது. 2009 இல் முகாமில் பவுசர் தண்ணிக்கு வாளியோடு வரிசையில் நின்ற சனம் நாங்கள். தாகம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். வாய் திறந்து கேட்க ஏலாத சீவனைக் கட்டி வைத்தால், அதன் தாகத்தை நாங்கள்தான் முன்கூட்டி நினைக்க வேண்டும்.

4. மாற்றுவதும் கழுவுவதும்

காலையில், பகல் பதினொரு மணிக்குள், பின்னேரம் என்று மூன்று தரம் தண்ணியை மாற்றுங்கோ. வயலுக்கோ வேலைக்கோ போகிற ஆட்கள் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கோ. சட்டியை வெறுமனே அலசினால் போதாது, தும்பால் உரஞ்சுங்கோ. டெங்கு நுளம்பு தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே, சட்டியின் உட்புறத்தில்தான் முட்டையை ஒட்டும். தண்ணியை ஊற்றிவிட்டாலும் முட்டை ஒட்டியபடியே இருக்கும்.

5. எந்தத் தண்ணி

நீங்கள் குடிக்கிற தண்ணியையே நாய்க்கும் வையுங்கோ. கிணற்றுத் தண்ணி உவர் என்றால் நாய் முகர்ந்துவிட்டு விலகும், அல்லது தாகம் தீராமல் திரும்பத் திரும்பக் குடிக்கும். காசு கொடுத்து வாங்குகிற தண்ணியில் ஒரு நாளைக்கு ஒரு லீற்றரை அதற்கு ஒதுக்குவது பெரிய செலவில்லை.

வீட்டில் தண்ணி இல்லாத நாய் வெளியே தேடிப் போகும். வயல் வாய்க்காலில் மருந்தடித்த தண்ணி ஓடும். மருந்தடிக்கிற மெசின் கழுவிய வாளியை அப்படியே விட்டுவிடாதேங்கோ. நாய்க்கு வாயால் வீணீர் வழிந்து, உடம்பு நடுங்கினால் நஞ்சாக இருக்கலாம், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கோ. மாரியில் தேங்கி நிற்கிற தண்ணியில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அது நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரால் எங்களுக்கும் தொற்றும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கோடையில் வற்றுகிற குளத்தில் முதலை இருக்கும் என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

6. குடிக்க மறுத்தால்

சோற்றைக் கஞ்சியாகக் கரைத்துக் கொடுங்கோ, உப்பு வேண்டாம். தோல் நீக்கிய கோழி இறைச்சியை அவித்த தண்ணியைக் கொஞ்சம் சட்டியில் கலந்தால் பெரும்பாலான நாய்கள் நக்கிக் குடிக்கும். எலும்பை எடுத்துவிடுங்கோ. வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு, அதனால் வீட்டுக் குழம்புத் தண்ணி கூடாது. தேத்தண்ணியும் கூடாது. பால் கன நாய்களுக்குச் செமிக்காமல் வயிற்றால் போகும், இருக்கிற தண்ணியும் போய்விடும். இளநீர் எப்போதாவது இரண்டு மிடறு பரவாயில்லை, தண்ணிக்குப் பதிலாக வைக்க வேண்டாம். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் கருவாட்டுக் கழிவு தின்கிற நாய்களுக்கு, அந்த உப்புக்காகவே இன்னொரு சட்டி தேவை.

7. தொட்டுப் பார்த்து அறிவது

நாய் சுகமாக இருக்கும்போதே இதைப் பழகுங்கோ. மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் தொடுங்கோ. வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் தண்ணி குறைவு. விரலால் அமத்தி எடுத்தால் வெளிறிய இடம் 2 செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். ஊர்நாய்கள் பலதுக்கு முரசு கறுப்பு, நிறம் தெரியாது. அப்படியென்றால் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கோ.

தோள்களுக்கு நடுவே தோலைக் கிள்ளி உயர்த்தி விடுங்கோ. சட்டென்று படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடம்பில் கணிசமான தண்ணி ஏற்கெனவே போய்விட்டது. கிழட்டு நாய்க்கும் மெலிந்த நாய்க்கும் இந்தத் தோல் சோதனை ஏமாற்றும், அதனால் முரசையே கூட நம்புங்கோ. சிறுநீர் கடும் மஞ்சளாக, கொஞ்சமாகப் போவதும் ஒரு அடையாளம்.

8. அவசரம் என்றால்

நாய்க்கு எங்களைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், அதற்கும் உடம்பில் தண்ணி வேண்டும். அதன் சாதாரண உடற்சூடு ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். வெயிலில் விழுந்து கடுமையாக இரைத்து, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கக் கிணற்றுத் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருங்கோ. மட்டையாலோ விசிறியாலோ வீசுங்கோ. ஐஸ் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். ஈரச் சாக்கால் மூடி வைக்கவும் வேண்டாம், சூடு உள்ளேயே நின்றுவிடும். நினைவு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க விடுங்கோ. நினைவில்லாத நாயின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். எழும்பி நடந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கோ. உள்ளுறுப்புப் பாதிப்பு அடுத்த நாளும் தெரிய வரலாம்.

குட்டி சத்தியெடுத்து, இரத்தத்தோடு வயிற்றால் போனால் பார்வோ நோயாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதேங்கோ. வாயால் கொடுக்கிற தண்ணி அதற்குப் போதாது, சேலைன் ஏற்ற வேண்டும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்கு ஆட்கள் கரைத்துக் குடிக்கிற உப்புப் பொடி) கரைத்துக் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதையும் வைத்தியரே சொல்லட்டும்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. நாய் திடீரென்று விழுங்க ஏலாமல், தாடை தொங்கி, வீணீர் வடித்தால், குரலோ குணமோ மாறினால், தாகம் என்று நினைத்து வாய்க்குள் கை வைக்காதேங்கோ. விசர் நோயாக (ரேபிஸ்) இருக்கலாம். பிள்ளைகளை விலக்கி, மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கோ. கடியோ கீறலோ பட்டால், அல்லது புண்ணில் வீணீர் பட்டால், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

9. கூடக் குடித்தாலும் கவனம்

வெயிலும் இல்லை, சாப்பாடும் மாறவில்லை, ஆனால் ஒரு கிலோவுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் நாளாந்தம் குடிக்கிறதென்றால் நோய் இருக்கலாம். றோசியின் நிறையுள்ள நாய்க்கு அது ஒரு முழுச் சோடாப் போத்தல். சலரோகம், சிறுநீரக நோய் இரண்டிலும் இப்படி வரும். கருத்தடை செய்யாத பெண்நாய் என்றால், இணைசேருகிற பருவம் (சூடு) கண்டு சில கிழமைகளில் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தாலும் இப்படிக் குடிக்கும். அது உயிராபத்து. தண்ணியை மறித்து வைக்காதேங்கோ. முதலில் எழுதி வைத்த கொப்பியையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கோ. "முந்தி இவ்வளவு குடித்தாள், இப்ப இவ்வளவு குடிக்கிறாள்" என்று இரண்டு கணக்கையும் காட்டினால், எங்கே தேடத் தொடங்குவதென்று அவருக்கு உடனே விளங்கும்.