மேடை இறங்கியவரிடம் மைக்கை நீட்டும் முன்: இசைக்கலைஞர்களைப் பேட்டி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பேட்டி எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் தன் முதல் மூன்று பதிவுகளை எனக்கு அனுப்பி, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார். இசைக்கலைஞர்களோடு நீண்ட உரையாடல்கள்: டூர் வாழ்க்கை, பாட்டு உருவாகும் விதம், பட்ட அடிகள். நல்ல குரல், தயாரிப்பிலும் குறையில்லை. ஆனால் இரண்டாவது பதிவின் முன்னோட்டத்தைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் செய்த அதே தவறு, கிட்டத்தட்ட அதே நீளத்தில். அதற்குக் கீழே நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பேட்டரியை சார்ஜ் செய்யுங்கள், ஹெட்போன் போட்டபடி பதியுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றில் ஒரு முறை சொதப்பினால் ஜென்மத்துக்கும் மறக்காது. சிகாகோ வானொலியில் சுமார் 45 ஆண்டு பேட்டி எடுத்த ஸ்டட்ஸ் டெர்கெலே டேப் ரெக்கார்டரோடு மல்லுக்கட்டுவதற்குப் பேர்போனவர்தான்.

நிகழ்ச்சி முடிந்த கையோடு உட்காருவது

வியர்வை காயாத முகம், பின்னால் கூட்டத்தின் சத்தம், "இப்போதுதான் மேடையிலிருந்து வருகிறார்" என்ற அறிமுகம். கேட்க நன்றாக இருக்கும். உரையாடலுக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

முதல் காரணம் காது. அமெரிக்காவின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில், மேடை ஸ்பீக்கரான மானிட்டர் முகத்தில் அடிக்க, இரண்டு மணி நேரம் நின்றவரின் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கலாம். அவர் கத்திப் பேசுவார், நீங்கள் தாழ்ந்த குரலில் கேட்ட நுட்பமான கேள்வியைப் பாதிதான் பிடிப்பார். தலையாட்டிவிட்டு வேறு எதற்கோ பதில் சொல்வார். அதை நாம் "ஆழமான பதில்" என்று தலைப்புப் போட்டுக்கொள்வோம்.

இரண்டாவது காரணம் உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வேகம். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள். இதைப் பற்றிப் பிறகு.

நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்குக்கும் ரசிகர்களை உள்ளே விடுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கும். வாத்தியக்காரர்களுக்கு அது சரிப்படும். பாடகர்களை அப்போது தொல்லை செய்யாதீர்கள், தொண்டையைச் சேமித்து வைத்திருப்பார்கள். எனக்கு இதுவரை நல்ல உரையாடல் கிடைத்தது பெரும்பாலும் நிகழ்ச்சி இல்லாத நாளின் முற்பகலில். அல்லது டூர் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து. தினமும் யாரோ எழுப்பி, யாரோ வண்டியில் ஏற்றி, எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு தாள் சொல்லிக்கொண்டிருந்த வாழ்க்கை சட்டென்று நின்றுபோய், வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வெறுமையைப் பற்றி டூரின் நடுவில் யாருக்கும் பேச வராது.

"இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருகிறது?"

கேட்காதீர்கள். ஒரே ஒரு பாட்டை எடுத்து, அதில் எதை வெட்டிப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

அறையில் இல்லாதவரைப் பற்றிய வரியை முன்னோட்டமாக்குவது

இதுதான் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கீபோர்ட் கலைஞரைப் பேட்டி எடுத்தேன். ஒரு பாடகரின் குழுவில் மூன்று வருடமாக வாசித்துக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டிவிட்டது, நிகழ்ச்சி அருமையாக முடிந்திருந்தது, மனிதர் நல்ல மனநிலையில் இருந்தார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினோம். நடுவில் பாடகரைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னது: பாடகருக்கு உச்சஸ்தாயி முன்புபோல எட்டவில்லை. இரண்டு பாட்டுகளைச் சுருதியில் அரைக் கட்டை இறக்கித்தான் வாசிக்கிறார்கள். ஒரு பாட்டின் உச்சத்தில் முன்பே பதிந்து வைத்த குரல் கூட ஓடுகிறது.

பொய் இல்லை, வன்மமும் இல்லை. அதற்கு முந்தைய ஐந்து நிமிடமும், காய்ச்சலோடு அந்தப் பாடகர் எத்தனை இரவு நின்று பாடினார், ஒரு நிகழ்ச்சி ரத்தானால் குழுவில் எத்தனை பேருக்குச் சம்பளம் போய்விடும் என்று பயந்து எப்படி ஓய்வே எடுக்காமல் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கவலையில் சொன்ன வார்த்தை அது.

நான் என்ன செய்தேன்? அந்த ஐந்து நிமிடத்தை முழுப் பதிவில் விட்டுவிட்டு, அரைக் கட்டை விஷயத்தை மட்டும் 40 விநாடி முன்னோட்டமாக வெட்டினேன். எடிட் செய்யும்போது சொற்களுக்கு நடுவிலிருந்த இடைவெளிகளை மென்பொருள் தானாக நீக்கிவிட்டது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னது, என் கைக்கு வந்தபோது மளமளவென்று போட்டுக்கொடுப்பது போல ஒலித்தது. வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்ன வருத்தச் சிரிப்பு இருந்தது, அதையும் "சுத்தம்" செய்துவிட்டேன். அன்றைக்கு அதை ஒரு திறமையாக நினைத்தேன் என்பதை எழுதவே கூசுகிறது.

முழுப் பதிவை யாரும் கேட்கவில்லை. 40 விநாடியை எல்லோரும் கேட்டார்கள். இரண்டே நாளில் பாடகர் காதுக்குப் போனது. அந்த டூரில் இன்னும் 11 நிகழ்ச்சிகள் பாக்கி இருந்தன. கீபோர்டில் வேறு ஒருவர் உட்கார்ந்தார்.

அவர் போன் செய்தபோது திட்டவில்லை. "அதுக்கு முன்னாடி நான் என்ன சொன்னேன்னும் போட்டிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார். நான் அப்போதும் திருந்தவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. கையெழுத்து வாங்கியது பேச்சு தொடங்கும் முன். தான் என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாத மனிதரிடம் வாங்கிய அந்தத் தாளை வைத்துக்கொண்டு நியாயம் பேசினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த வட்டத்தில் ஒருவரும் என்னிடம் உட்காரவில்லை. இசை உலகில் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இன்னொரு குழுவின் பேஸ் கலைஞரோடு வண்டியில் போவார், மூன்றாவது குழுவின் சவுண்ட் இன்ஜினியர் இருவருக்கும் நண்பர். செய்தி பரவ ஒரு நெடுஞ்சாலைப் பயணம் போதும்.

புதியவரின் பதிவில் நடந்ததும் இதேதான். ஒரு டிரம்மர் தன் டூர் மேனேஜரின் குடிப்பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறார். ஏன் இதை முன்னோட்டமாக்கினீர்கள் என்று புதியவரைக் கேட்டால், "சார், அதுதான் ரொம்ப நேர்மையான இடம்" என்கிறார். இந்த "நேர்மை" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தன்னைப் பற்றி ஒருவர் மனம் திறப்பது வேறு, அசதியில் அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவது வேறு. முதலாவதற்கு அவர் விலை கொடுப்பார், தெரிந்தே கொடுப்பார். இரண்டாவதற்கு அறையிலேயே இல்லாத ஒருவரும் சேர்ந்து கொடுக்கிறார்.

இப்போது நான் செய்வது இதுதான். இன்னொருவரைப் பற்றிய பேச்சு வந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். மறுநாள் அவர் தூங்கி எழுந்தபின் போன் செய்து, அந்த இடங்களை மட்டும் சொல்லி, "இது வெளியே போகலாமா?" என்று கேட்பேன். பத்தில் எட்டு முறை போகட்டும் என்பார்கள், பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்வார்கள். முன்னோட்டத்துக்கு, பேசுபவர் தன்னைப் பற்றிச் சொன்னதை மட்டுமே எடுப்பேன். இடைவெளிகளைக் கையால் வெட்டுவேன். "நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு நான்கு விநாடி கழித்து "இருக்கேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த நான்கு விநாடிதான் பதில்.

அப்படியானால் முழுப் பதிவையும் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டுமா? வேண்டாம். தன்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அழகுபடுத்தச் சொல்வார்கள், மிஞ்சுவது விளம்பரமாகத்தான் இருக்கும். அதேபோல, சம்பளம் ஏமாற்றியது, மேடைக்குப் பின்னால் யாரையாவது துன்புறுத்தியது போன்ற விஷயம் வந்தால் அதை மழுப்பவும் கூடாது. ஆனால் அது வேறு வேலை. ஆதாரம் பார்க்க வேண்டும், மற்றவர் தரப்பைக் கேட்க வேண்டும். ஒன்றரை மணி நேர அரட்டையின் நடுவில் ஒரு கிளிப்பாக அதைத் தள்ளிவிட முடியாது.

கஷ்டத்துக்குப் பொன்முலாம் பூசுவது

1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் ஓபரா அரங்கில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் வாசித்த கதை எல்லோருக்கும் பிடிக்கும். கேட்டிருந்த பெரிய பியானோவுக்குப் பதிலாக மேடையில் இருந்தது ஒரு சின்னது. மேல் சுரங்கள் கிணுகிணு, கீழ்ச் சுரங்களில் கனமில்லை, பெடல் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நீண்ட கார் பயணத்தில் வந்திருந்தார், முதுகுவலி வேறு. வாசிக்கவே மாட்டேன் என்றவர் கடைசியில் வாசித்தார். அந்தப் பதிவு, அதிகம் விற்ற தனிப் பியானோ இசைத்தட்டுகளில் ஒன்றானது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "கஷ்டம் இருந்தால்தானே படைப்பு வரும்?" என்று எதிரில் இருப்பவரிடம் கேட்பார்கள். அவரும் மரியாதைக்கு ஆமாம் என்பார். அந்த இரவில் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த 18 வயது வேரா பிராண்டெஸ் ஜாரெட்டைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்ததும், அந்தப் பியானோவைச் சுருதி சேர்க்க ஒருவர் பாடுபட்டதும் கதையில் பின்னுக்குப் போய்விடும்.

1959-இன் கதையையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கடுங்குளிரில், ஹீட்டர் பழுதான பேருந்துகளில் ஒரு டூர். டிரம்மர் கார்ல் பஞ்ச் பனிக்கடியால் கால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில். அந்தப் பேருந்துக்குப் பயந்து ராக் பாடகர் பட்டி ஹாலி ஒரு சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்தார். பிப்ரவரி 3 அன்று அது விழுந்தது. அவருக்கு 22 வயது. கூட இருந்த இரண்டு இசைக்கலைஞர்களும் விமானியும் இறந்தார்கள்.

ஆகவே "கஷ்டம் என்ன கற்றுத் தந்தது?" என்று கேட்காதீர்கள். "அந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? வண்டியை யார் ஓட்டினார்?" என்று கேளுங்கள். கதை தானாக வரும்.

எல்லோருக்கும் மேடைதான் ஆசை என்று நினைப்பது

பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1964-இல், 31 வயதில், கச்சேரி மேடையை விட்டார். பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டோடு டூரை நிறுத்தினார்கள். ரசிகர்களின் அலறலில் தங்கள் வாசிப்பே தங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அடுத்த டூர் எப்போது?" என்பதற்குப் பதில் "அடுத்த டூர் வேண்டுமா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவது

தொகையைக் கேட்க வேண்டாம், முறையைக் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு நிச்சயத் தொகையா, டிக்கெட் வசூலில் பங்கா? நிகழ்ச்சி இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா? அரங்கில் விற்கும் டி-ஷர்ட்டில் அரங்கக்காரர் பங்கு எடுக்கிறாரா? வண்டி, எரிபொருள், தங்குமிடம் யார் கணக்கு? முன்வரிசையில் இருக்கும் பாடகரும் பின்னால் நிற்கும் பேஸ் கலைஞரும் ஒரே டூரில் இரண்டு வேறு வாழ்க்கை வாழ்கிறார்கள் என்பது இங்கேதான் வெளியே வரும்.

வாத்தியத்தை எட்டாத தூரத்தில் வைப்பது

ஜாஸ் பியானோ கலைஞர் மேரியன் மெக்பார்ட்லண்ட் 1978-இல் அமெரிக்கப் பொது வானொலிக்காகத் தொடங்கிய நிகழ்ச்சியில் விருந்தினரைப் பியானோ முன்னால் உட்காரவைத்துப் பேசினார். வார்த்தை சிக்கும் இடத்தில் விரல் பேசும், அவரும் பக்கத்துப் பியானோவில் சேர்ந்துகொள்வார். அவர் அளவுக்கு நமக்கு வாசிக்க வராது, சரி. ஆனாலும் கிதாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாமே. "அந்த வரி முதலில் எப்படி இருந்தது?" என்றால் வாசித்தே காட்டிவிடுவார். அவருக்கும் ஒரு மைக், வாத்தியத்துக்கு ஒரு மைக், தனித்தனி டிராக்கில்.

30 விநாடிக்குள் பாட்டைப் போட்டால் பிரச்சினையில்லை என்று நம்புவது

அப்படி ஒரு பொது விதி இல்லை. பாட்டை இயற்றியவருக்கு ஓர் உரிமை, பதிவுக்கு இன்னோர் உரிமை. எதிரில் இருப்பவர் சம்மதித்தாலும் இரண்டும் அவரிடம் இல்லாமல் இருக்கலாம்.

ரெக்கார்டரை அணைத்த பிறகு வரும் பேச்சு

வரும். எப்போதும் வரும். "இதை மறுபடி ஆன் செய்துவிட்டுப் பேசலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.