ஏஆர் பத்திரிகை: மோஷன் டிசைனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணப் பத்திரிகைக்கு நேரே போனைப் பிடித்தால் அதன் மேல் தாமரை விரியும், மணமக்கள் பெயர் எழுந்து நிற்கும். இப்படி நிஜக் காட்சியின் மேல் போனில் அனிமேஷன் காட்டும் ஏஆர் வேலைகளுக்கு இப்போது நிறைய மோஷன் டிசைனர்கள் வருகிறார்கள். நல்ல கை உள்ளவர்கள்தான். ஆனால் நாங்கள் புதிதாக வந்தபோது தடுமாறிய அதே இடங்களில் இவர்களும் தடுமாறுவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பாலிகான் எண்ணிக்கை, ஃபைல் சைஸ் எல்லாம் எந்த டுடோரியலிலும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

காமிராவை நகர்த்துவது

காமிரா பார்ப்பவர் கையில் இருக்கிறது. ஃபிரேமுக்கு வெளியே ஒளித்து வைத்த எழுத்து, அவர் ஓரடி நகர்ந்தாலே தெரிந்துவிடும். எல்லாம் பத்திரிகையிலிருந்தே முளைக்கட்டும்.

அச்சடித்த பிறகு சோதிப்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அண்மையில் ஓர் இளைஞர் உதவி கேட்டு வந்தார். அனிமேஷன் அருமை. பத்திரிகையிலோ முகப்பு முழுக்கக் கோலம், ஓரத்தில் மாங்காய் பார்டர், தங்க ஃபாயில், அதன் மேல் பளபளப்பு லேமினேஷன். லேப்டாப் திரையில் படத்தைக் காட்டிச் சோதித்தபோது ஒழுங்காக ஓடியதாம். அச்சாகி வந்த பத்திரிகையில் தாமரை வரவே இல்லை. எப்போதாவது வந்தாலும் நடுங்கி மறைந்தது. அதற்குள் பாதிப் பத்திரிகை உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தது. பெண்ணின் அப்பா, "இதுக்குத்தானே தம்பி தனியா காசு கொடுத்தோம்?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

காரணம் அனிமேஷனில் இல்லை, தாளில் இருக்கிறது. மார்க்கரை, அதாவது அனிமேஷனை வரவழைக்கும் அச்சுப் படத்தை, அடையாளம் காணும் மென்பொருள் படத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட புள்ளிகளைத் தேடுகிறது. திரும்பத் திரும்ப வரும் கோலமும் பார்டரும் அதைக் குழப்பும். வெறும் கோட்டோவியமும் லோகோவும் போதாது. கூகுளின் ஏஆர் மென்பொருளான ஏஆர்கோர் நிறத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை; கருப்பு வெள்ளையாகத்தான் பார்க்கிறது. மஞ்சள் தாளில் தங்க எழுத்து நம் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும், அதற்கோ இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். ஃபாயிலும் லேமினேஷனும் விளக்கொளியைத் திருப்பி அடிப்பதால், போனை அசைக்கும்போதெல்லாம் வெளிச்சத் திட்டு இடம் மாறி, இருக்கும் புள்ளிகளையும் மறைத்துவிடும்.

ஏஆர்கோரோடு வரும் arcoreimg என்ற கருவி படத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். 75க்குக் குறைந்தால் அந்தப் படம் வேண்டாம். ஆனால் அது ஃபைலுக்குத் தரும் மதிப்பெண், தாளுக்கு அல்ல. அதனால் அச்சகத்தில் அதே தாள், அதே ஃபாயில், அதே லேமினேஷனில் ஒரே ஒரு மாதிரி கேளுங்கள். அதை டியூப்லைட் அடியிலும், மாலையில் மங்கலான கூடத்திலும், விலை குறைந்த ஒரு போனிலும் பாருங்கள். முழு ஆர்டருக்கு அதன் பிறகே தலையாட்டுங்கள். பிரஸ்காரர் அவசரப்படுத்துவார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோலத்தைக் கைவிடச் சொல்லவில்லை. முகப்பில் அது இருக்கட்டும். உள்பக்கம் முழுக்க மணமக்கள் புகைப்படத்தை மேட் தாளில் அச்சிட்டு அதை மார்க்கராக்குங்கள். ஏஆர்கோருக்கு அந்தப் பக்கம் வளையாமல், குறைந்தது 15க்கு 15 செ.மீ. இருக்க வேண்டும்.

அளவைத் தோராயமாகக் கொடுப்பது

அச்சான மார்க்கரை ஸ்கேல் வைத்து அளந்து, அந்த அளவையே கொடுங்கள்.

உடனே ஓடிவிடும் அனிமேஷன்

மார்க்கர் பிடிபட்டதும் முதல் நொடியிலேயே முக்கியமான அசைவை வைக்காதீர்கள். தாத்தா பாட்டி போனை நிலையாகப் பிடிக்கவே சற்று நேரம் ஆகும். மொட்டு மெல்ல ஆடும் ஒரு சின்ன லூப் முதலில் ஓடட்டும். தொட்டதும் தாமரை விரியட்டும்.

ஒரே தளத்தை நம்புவது

ஏஆர் எஃபெக்டுகள் செய்ய உதவிய மெட்டா ஸ்பார்க் தளம் 2025 ஜனவரி 14 அன்று மூடப்பட்டது. வெளியார் அதில் செய்த இன்ஸ்டாகிராம் எஃபெக்டுகள் அதோடு போயின. மூல ஃபைலை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் உங்களிடமே வைத்துக்கொண்டு, ஐபோனுக்கு யுஎஸ்டிஇசட், ஆண்ட்ராய்டுக்கு ஜிஎல்பி என்று எடுத்துக் கொடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அசைவை இயக்க எழுதும் எக்ஸ்பிரஷன்கள் எதுவும் இந்த ஃபைல்களுக்குள் போகாது. அசைவுகளை பிளெண்டரிலேயே கீஃபிரேமாக பேக் (bake) செய்து, அதாவது நிலையாகப் பதித்துவிடுங்கள்.